பாறைக்குள்ளே எட்டிப் பார்ப்பது எப்படி?

இந்த மாதம் சுவர் இதழில் அறிவியல் பகுதி என் முறை. எழுத எழுத நாலு தாள் ஆகிவிட்டது. கால் வலித்தாலும் பரவாயில்லை, மணி அடிக்கும்வரை நின்று படிங்க. மீதியை நாளைக்குப் படிக்கலாம்.

நம்ம ஊரில் சம்பாதித்த காசு எல்லாம் எங்கே போச்சு என்று கேட்டால், பாதிப்பேர் தரையைக் காட்டுவாங்க. ஆமாம், போர் போட்டுப் பூமிக்குள்ளேயே போச்சு! எங்க பெரியப்பா மூணு போர் போட்டார். முதல் போரில் ஆறு மாதம் தண்ணீர் வந்து நின்றுவிட்டது. இரண்டாவதில் வெறும் புகைதான் பறந்தது. மூணாவது போர் 850 அடி. "இன்னும் நூறடி போனா கண்டிப்பா கெடைக்கும்" என்று போர் வண்டிக்காரங்க சொல்லச் சொல்ல, பெரியம்மாவின் செயினும் அடகுக் கடைக்குப் போய்விட்டது. அக்காவின் காலேஜ் பீஸுக்கு வைத்திருந்த காசும் அதோடு சேர்ந்து போனது.

இத்தனைக்கும் அடுத்த காட்டில், நூறு அடி தள்ளி, 200 அடி ஆழத்தில் இன்னொருத்தர் போரில் தண்ணீர் நல்லா வருது. ஏன் இப்படி? இதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

★ நம்ம காலடியில் என்ன இருக்கு? ★

பூமிக்குள்ளே ஆறு மாதிரி தண்ணீர் ஓடுகிறது என்று நிறையப் பேர் நினைக்கிறாங்க. ஆற்றோரத்து மணல் பூமியில் மணலுக்கு நடுவே எங்கும் தண்ணீர் நிற்கும். ஆனால் தமிழ்நாட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலம் கடினப் பாறை. நம்ம தருமபுரி மாவட்டமும் அதில்தான் வருகிறது. கிரானைட், நைஸ், சார்னோகைட் என்று பாறைக்குப் பல பெயர் உண்டு. இவை செங்கல் மாதிரி தண்ணீரை உறிஞ்சாது. அம்மிக்கல் மேல் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்க, வழிந்து ஓடிவிடும்.

அப்படியென்றால் தண்ணீர் எங்கே இருக்கு? இரண்டு இடத்தில் இருக்கு.

ஒன்று, மேல்பக்கம். வெயில், மழை, மர வேர் எல்லாம் சேர்ந்து பல்லாயிரம் ஆண்டுகளாகப் பாறையை உளுக்க வைத்திருக்கும். கையில் எடுத்து நசுக்கினால் உதிரும். இந்த உளுத்த பாறையில் மழைத் தண்ணீர் தங்கும். நம்ம தாத்தா காலத்துக் கிணறு எல்லாம் இதை நம்பித்தான் வெட்டினது.

இரண்டாவது, அதற்குக் கீழே இருக்கும் கெட்டிப் பாறையின் வெடிப்பு. வெடிப்பு இருந்தால்தான் தண்ணீர். ஒரு வெடிப்பு விரல் அகலம் இருந்தாலே பெரிய விஷயம். நாம் போடுவது ஆறரை இஞ்ச் துளை. அந்தத் துளை அந்த வெடிப்பில் பட்டால் தண்ணீர், பத்தடி தள்ளிப் போனால் புகை. இதுதான் பெரியப்பாவுக்கும் அடுத்த காட்டுக்காரருக்கும் உள்ள வித்தியாசம்!

பூமி அசைந்தபோது ஏற்பட்ட அழுத்தத்தாலும், மேலே இருந்த பாரம் கரைந்து போனதாலும் பாறை வெடிக்கிறது. ஆழம் போகப் போக மேலே உள்ள பாறையின் எடை வெடிப்புகளை அமுக்கி மூடிவிடும். அதனால் பொதுவாக ஆழத்தில் வெடிப்பு குறையும். "ஆழமாப் போனா தண்ணி நிச்சயம்" என்பது கடினப் பாறை ஊருக்குப் பொருந்தாது. இதைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன், வீட்டில் போய்ச் சொல்லுங்க.

【உங்களுக்குத் தெரியுமா? சார்னோகைட் என்ற பெயர் ஒரு கல்லறையிலிருந்து வந்தது! கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறைக் கல், சென்னைப் பக்கத்திலிருந்து போன கல். அதே வகைப் பாறையை ஆராய்ந்த ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893இல் அவர் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார்.】

★ முறை 1: தட்டிப் பார்ப்பது ★

சந்தையில் பானை வாங்கும்போது அம்மா என்ன செய்வாங்க? விரலை மடக்கித் தட்டுவாங்க. "டங்" என்றால் நல்ல பானை. "பொத்" என்றால் விரிசல். கல் உடைக்கும் அண்ணன்களும் சம்மட்டியால் தட்டி, சத்தத்தை வைத்தே எந்தப் பக்கம் பிளக்கும் என்று சொல்லிவிடுவாங்க. அறிவியலாளர்கள் செய்வதும் இதேதான், கருவி மட்டும்தான் வேறு.

தரையில் ஓர் இரும்புத் தட்டை வைத்துப் பெரிய சம்மட்டியால் அடிப்பாங்க. அதிர்வு பூமிக்குள் போகும். வரிசையாகக் குத்தி வைத்த 'ஜியோபோன்' என்ற சின்னச் சின்னக் காதுகள், அதிர்வு எப்போது வந்து சேர்ந்தது என்று குறித்துக்கொள்ளும்.

ஒலி காற்றில் வினாடிக்கு 340 மீட்டர் போகும் என்று படித்திருக்கிறோம். தண்ணீரில் ஏறத்தாழ 1500 மீட்டர். வெடிப்பில்லாத கிரானைட்டில் 5000 மீட்டர்கூடப் போகும். வெடிப்பு இருந்தால் வேகம் குறைந்துவிடும். 60 மீட்டர் தூரத்துக்குக் கணக்குப் போடுவோம். வினாடிக்கு 5000 மீட்டர் என்றால் 0.012 வினாடி ஆகும். வெடித்த பாறையில் வேகம் 2500 என்று வைத்துக்கொண்டால் 0.024 வினாடி. இரண்டுமே கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவு. ஆனால் கருவிக்கு இந்த வித்தியாசம் நல்லாத் தெரியும்.

அணை கட்டும் இடத்திலும், சுரங்கப்பாதை தோண்டும் இடத்திலும் இந்த முறையை அதிகம் பயன்படுத்துறாங்க. அங்கே வெடிப்பை விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

★ முறை 2: கரண்ட் விட்டுப் பார்ப்பது ★

நம்ம ஊர்ப்பக்கம் போர் போட அதிகம் பயன்படுவது இந்த முறைதான். இதற்கு 'மின்தடை ஆய்வு' என்று பெயர். பயப்படாதீங்க, ஓம் விதி தெரிந்தால் போதும்.

காய்ந்த கெட்டிப் பாறை கரண்டை எளிதில் விடாது. மின்தடை அதிகம். தண்ணீரில் உப்புகள் கரைந்திருப்பதால் கரண்ட் ஓரளவு நல்லாப் போகும். அதனால் தண்ணீர் நிறைந்த உளுத்த பாறையிலும் வெடிப்பிலும் மின்தடை குறையும்.

நேர்க்கோட்டில் நாலு இரும்பு முளைகளைத் தரையில் அடிக்கணும் (படம் 2 பாருங்க, நானே வரைந்தது). வெளியே உள்ள இரண்டு முளை வழியாகப் பேட்டரியிலிருந்து கரண்ட் விடணும். உள்ளே உள்ள இரண்டு முளைக்கு நடுவே எவ்வளவு வோல்ட் என்று அளக்கணும். நாலு முளையும் சம இடைவெளியில் இருந்தால் வாய்பாடு இதுதான்:

மின்தடை எண் = 2 × 3.14 × இடைவெளி × (வோல்ட் ÷ ஆம்பியர்)

இடைவெளி 10 மீட்டர், கரண்ட் 0.1 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். மீட்டர் 0.06 வோல்ட் காட்டினால், 0.06 ÷ 0.1 = 0.6 ஓம். விடை 37.68 ஓம் மீட்டர். ஈரமான உளுத்த பாறையாக இருக்கலாம். அதே இடத்தில் 0.8 வோல்ட் காட்டினால் 8 ஓம், விடை 502.4 ஓம் மீட்டர். கீழே கெட்டிப் பாறை வந்துவிட்டது போல!

வெளி முளைகளைத் தள்ளித் தள்ளி அடித்தால் கரண்ட் இன்னும் ஆழத்துக்குப் போகும். ஒவ்வொரு தூரத்துக்கும் வரும் எண்ணை வரைபடத் தாளில் குறித்தால், எத்தனை மீட்டர் வரை உளுத்த பாறை, எங்கே கெட்டிப் பாறை ஆரம்பம் என்று கணிக்கலாம். பூமியை வெட்டாமலே கேக் மாதிரி அடுக்கு அடுக்காகப் பார்ப்பது இதுதான்.

இதைப் பிரான்சு நாட்டுக்காரர் கான்ராட் ஸ்லம்பர்ஜர் கண்டுபிடித்து வளர்த்தார். 1912இல் நார்மண்டி பகுதியில் நிலத்தில் முதல் முதலாகச் சோதித்துப் பார்த்தார். 1927இல் அவரும் தம்பி மார்செலும் நடத்திய குழு, பெச்செல்பிரான் என்ற இடத்தில் ஓர் எண்ணெய்க் கிணற்றுக்குள்ளேயே கருவியை இறக்கி அளந்தது. உலகத்திலேயே அதுதான் முதல் தடவை.

குறையும் இருக்கு. களிமண்ணும் கரண்டை நல்லா விடும், ஆனால் தண்ணீர் தராது. மீட்டர் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். இன்னொன்று, ஆழத்தில் இருக்கும் மெல்லிய வெடிப்பு மேலேயிருந்து சரியாகத் தெரியாது. மூட்டைக்கு அடியில் கிடக்கும் நூல் மாதிரி அது. அதனால்தான் மின்தடை ஆய்வு செய்தும் சில போர் தோற்றுப்போகிறது. "மெஷின் பார்த்தாச்சு, தண்ணி உறுதி" என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. வாய்ப்பு கூடும், அவ்வளவுதான்.

★ முறை 3: காந்தமும் ரேடியோவும் ★

நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சில இடத்தில் கருங்கல் சுவர் மாதிரி நீளமாக ஒரு பாறை ஓடும். 'டோலரைட்' என்று பெயர். வெடிப்புக்குள் உருகிய பாறைக்குழம்பு ஏறி இறுகியது இது. தண்ணீரை ஒருபக்கம் அணை மாதிரித் தடுத்து நிறுத்தவும் செய்யும். இதில் காந்தத் தன்மையுள்ள தாது அதிகம் என்பதால், மண்ணுக்கு அடியில் மறைந்திருந்தாலும் காந்தமானியைக் கையில் பிடித்து நடந்தாலே காட்டிக் கொடுத்துவிடும்.

ரேடியோ முறை இன்னும் ஆச்சரியம். கடலுக்கு அடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களோடு பேசக் கடற்படைகள் மிகக் குறைந்த அதிர்வெண் அலைகளை அனுப்புகின்றன. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990இல் தொடங்கிய 'ஐ.என்.எஸ். கட்டபொம்மன்' நிலையம் அப்படிப்பட்டது. இந்த மாதிரி நிலையங்களின் அலை பூமிக்குள்ளும் கொஞ்சம் நுழையும். வழியில் தண்ணீர் நிறைந்த வெடிப்பு இருந்தால் அங்கே அலை கொஞ்சம் மாறும். அந்த மாற்றத்தை ஒரு கருவியால் பிடித்துவிடலாம். யாருக்கோ அனுப்பிய செய்தியை வைத்து நாம் தண்ணீர் தேடுகிறோம் பாருங்க!

★ முறை 4: மேலேயிருந்து போட்டோ ★

1858இல் நாடார் என்ற புனைபெயர் கொண்ட பிரெஞ்சு போட்டோக்காரர் பலூனில் ஏறிப் பூமியைப் படம் எடுத்தார். (நம்ம ஊர் நாடார் இல்லைங்க, இது அவர் வைத்துக்கொண்ட பெயர்!) பிறகு விமானத்திலிருந்து எடுத்தாங்க. அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களை ஒரு சிறப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் மலையும் பள்ளமும் எழும்பித் தெரியும். நம்ம இரண்டு கண்ணும் செய்யும் வேலையைத்தான் இரண்டு படமும் செய்கின்றன.

இந்தியாவின் ஐ.ஆர்.எஸ். 1ஏ செயற்கைக்கோள் 1988 மார்ச் 17 அன்று மேலே போனது. அதன் வரிசையில் வந்த செயற்கைக்கோள்களின் படங்களை வைத்து, தண்ணீர் கிடைக்க வாய்ப்புள்ள இடங்களுக்கு வரைபடம் தயாரித்தாங்க.

வானத்திலிருந்து பாறை வெடிப்பு எப்படித் தெரியும்? வெடிப்பே தெரியாது, அதன் அடையாளம்தான் தெரியும். ஓடை ஒன்று வளைந்து வளைந்து வந்து, திடீரென்று அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக ஓடும். மரங்கள் யாரும் நடாமலே வரிசையாக நிற்கும். கோடையிலும் ஒரு நீளப் பட்டையாகப் பசுமை இருக்கும். செயற்கைக்கோள் அகச்சிவப்புக் கதிரையும் பதிவு செய்வதால், பச்சை இலை அந்தப் படத்தில் சிவப்பாகத் தெரியும். காய்ந்த நிலத்துக்கு நடுவே ஒரு சிவப்புக் கோடு ஓடினால் அங்கே கீழே ஏதோ இருக்கு என்று அர்த்தம்.

ஆனால் மேலிருந்து பார்த்தால் வண்டித்தடமும் வாய்க்காலும் வேலியும்கூட நேர்க்கோடுதான். அதனால் படத்தைப் பார்த்துவிட்டுக் கட்டாயம் நடந்து போயும் பார்க்கணும்.

★ முறை 5: கிட்டே போய் போட்டோ ★

கல் குவாரிச் சுவரிலும், வெளியே தெரியும் பாறையிலும் வெடிப்பை நேராகவே படம் எடுக்கலாம். ஒரு கயிற்றை நீட்டிக் கட்டி, அதைக் குறுக்கே வெட்டும் வெடிப்புகளை எண்ணணும். ஒவ்வொன்றும் எந்தத் திசை, எவ்வளவு சாய்வு என்று குறிக்கணும். போட்டோவில் கட்டாயம் ஒரு ஸ்கேல் வைக்கணும். இல்லையென்றால் மயிரிழை வெடிப்பும் கை நுழையும் வெடிப்பும் ஒரே மாதிரித் தெரியும்.

நானும் என் தோழிகள் மூணு பேரும், அறிவியல் டீச்சர் கூட இருக்க, ஊருக்கு வெளியே கேழ்வரகு அடிக்கும் பாறையில் 10 மீட்டர் கயிறு போட்டு எண்ணிப் பார்த்தோம். 13 வெடிப்பு வந்தது. அதில் 9 வெடிப்பு ஒரே திசையில், வடகிழக்காக ஓடியது. மேலே தெரியும் திசை அடியிலும் பெரும்பாலும் தொடரும் என்பதால் இந்தக் கணக்கு உபயோகமானது. (குவாரிக்கு மட்டும் யாரும் தனியாகப் போகாதீங்க!)

போட்ட போருக்குள்ளே பார்க்கவும் வழி இருக்கு. தாத்தாக்கள் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிக் கிணற்றுக்குள் அடித்து, எந்தச் சந்திலிருந்து ஊற்று வருகிறது என்று பார்ப்பாங்க. இப்போது விளக்கு வைத்த சின்ன கேமராவைக் கயிற்றில் கட்டிப் போருக்குள் இறக்குகிறாங்க. மேலே டிவியில் பாறைச் சுவர் தெரியும். எத்தனை அடியில் வெடிப்பு, எங்கே தண்ணீர் கசிகிறது, மோட்டார் எங்கே மாட்டியிருக்கு, எல்லாமே தெரியும்.

★ நம்ம பள்ளி போர் ★

போன வருஷம் கோடையில் நம்ம பள்ளி போர் வற்றியது எல்லோருக்கும் தெரியும். கழிப்பறையில் தண்ணீர் இல்லாமல், பெண் பிள்ளைகள் காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீரே குடிக்காமல் இருந்தோம். சில அக்காக்கள் மாதத்தில் மூணு நாள் லீவே போட்டாங்க. பாடமும் போனது, உடம்பும் கெட்டது. பாறை வெடிப்பு பெரியவங்க விஷயம் மட்டும் இல்லை என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

புதுப் போருக்கு இடம் பார்க்க ஒரு நிலவியலாளர் மேடம் வந்தாங்க. முதலில் செல்போனில் செயற்கைக்கோள் படத்தை எங்களுக்குக் காட்டினாங்க. பின்பக்கம் உள்ள பனைமர வரிசையும், ஏரிக்கு வரும் ஓடையின் நேரான துண்டும் ஒரே கோட்டில் இருந்தன! அப்புறம்தான் முளை அடிக்கும் வேலை. முளைக்கு அடியில் உப்புத் தண்ணீர் ஊற்றும் வேலை எனக்கு. காய்ந்த மண்ணில் கரண்ட் நுழைவதற்காக அப்படி ஊற்றணுமாம். மேடம் எண்ணைச் சொல்லச் சொல்ல நாங்க கணக்குப் போட்டோம். ஓம் விதி பரீட்சைக்கு மட்டும் இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

"உளுத்த பாறை 60 அடி வரை இருக்கும். அதுக்குக் கீழ வெடிப்பு இருக்கான்னு மீட்டரால உறுதியா சொல்ல முடியாது. ஆனா இந்தக் கோட்டு மேல போட்டா வாய்ப்பு அதிகம்" என்று மேடம் சொன்னாங்க. ஆபீஸ் பக்கம் போடலாம் என்று முதலில் நினைத்த இடத்தை விட்டுவிட்டுப் பனைமரப் பக்கம் போட்டாங்க. கேசிங் பைப் 65 அடி இறங்கியது. 210 அடியில் முதல் வெடிப்பு, ஒன்றரை இஞ்ச் தண்ணீர். 300 அடியோடு நிறுத்திவிட்டாங்க. மீட்டர் சொன்னது ஒன்று, படம் சொன்னது ஒன்று. இரண்டும் சேர்ந்ததால்தான் இன்றைக்கு நம்ம குழாயில் தண்ணீர் வருது.

★ குச்சியும் தேங்காயும் ★

"வேப்பங்குச்சி பிடிச்சுப் பார்த்தாலே சொல்லிடுவாங்களே, இதெல்லாம் எதுக்கு?" என்று எங்க தாத்தா கேட்டார். தாத்தாவை எதிர்த்துப் பேசக்கூடாது, ஆனால் கேள்வி கேட்கலாம். "எத்தனை இடம் பார்த்தாங்க, அதில எத்தனை இடத்துல தண்ணி வந்தது தாத்தா?" என்று கேட்டேன். வந்த இடமெல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தது. வராத இடத்தை யாரும் எண்ணி வைக்கவில்லை. அறிவியல் என்றால் வராததையும் எழுதி வைப்பது. கருவிக்கும் அதே விதிதான், குச்சிக்கும் அதே விதிதான்.

★ வெடிப்பே வேண்டாம் என்பவர்கள் ★

நாம் வெடிப்பைத் தேடி அலைகிறோம். பின்லாந்து நாட்டில் ஒல்கிலுவோட்டோ என்ற இடத்தில் வெடிப்பு குறைவான பாறையைத் தேடினாங்க! அணுமின் நிலையக் கழிவை மனிதர் கை படாமல் புதைக்க, 'ஓன்கலோ' என்ற சுரங்கத்தை 2004இல் தோண்ட ஆரம்பித்து, ஏறத்தாழ 430 மீட்டர் ஆழத்துக்குப் போயிருக்காங்க. வெடிப்பு இருந்தால் அது வழியாகத் தண்ணீர் வந்து கழிவைத் தொட்டுவிடும் என்பது அவங்க கவலை. ஒரே வெடிப்பு, நமக்கு வரம், அவங்களுக்குப் பயம். மேலே சொன்ன முறைகள்தான் இரண்டு பேருக்கும் உதவுகின்றன.

★ தண்ணீர் வந்தால் மட்டும் போதுமா? ★

போதாது. பாறைக்குள் நெடுநாள் தங்கிய தண்ணீரில் பாறையின் தாதுக்களிலிருந்து புளூரைடு கரைந்துவிடும். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. கூடினால் பல்லில் கறை படியும், பிறகு எலும்பையும் பாதிக்கும். நம்ம மாவட்டத்திலும் கிருஷ்ணகிரியிலும் இந்தப் பிரச்சினை இருந்ததால்தான் 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. புதுப் போர்த் தண்ணீரைப் பரிசோதிக்காமல் குடிக்கக் கூடாது. நம்ம பள்ளி போர்த் தண்ணீரைக் கழிப்பறைக்கும் செடிக்கும் மட்டும்தான் விடுகிறோம்.

இன்னொரு முக்கியமான விஷயம். தண்ணீர் வராத போர் ஒவ்வொன்றும் ஒரு குழி. 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் மூடாத போரில் ஒரு சின்னக் குழந்தை விழுந்தது. காப்பாற்றப் பக்கத்திலேயே வேறு குழி தோண்டினாங்க. பாறை கடினமாக இருந்ததால் வேலை மெதுவாகத்தான் நடந்தது, கடைசியில் குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. தண்ணீர் தராத அதே கெட்டிப் பாறைதான் அங்கேயும் எதிரே நின்றது. கைவிட்ட போரைத் தரைமட்டம் வரை மண், கல் போட்டு மூடணும் என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே சொல்லியிருக்கு. சாக்குப்பை கட்டி வைப்பது மூடி ஆகாது. பெரியப்பாவின் இரண்டாவது, மூணாவது போரை நானும் அண்ணனும் நச்சரித்து மூட வைத்தோம்.

★ நாம் என்ன செய்யலாம்? ★

1. போர் போடுவதற்கு முன் வேளாண்மைப் பொறியியல் துறையில் கட்டணம் கட்டி மின்தடை ஆய்வு செய்துகொள்ளலாம். செயினை அடகு வைப்பதற்கு முன் இதைச் செய்யச் சொல்லுங்க.

2. எத்தனை அடி வரை போவது என்று முன்னாடியே வீட்டில் முடிவு செய்யணும். ராத்திரியில், வண்டிச் சத்தத்துக்கு நடுவே முடிவு செய்யக் கூடாது.

3. ஊருக்கு ஒரு நோட்டு! யார் காட்டில், எந்த வருஷம், எத்தனை அடி, கேசிங் எவ்வளவு, எத்தனாவது அடியில் தண்ணீர், எத்தனை இஞ்ச், இல்லை புகையா என்று எல்லாவற்றையும் எழுதணும். தோற்றுப்போன போரையும் கட்டாயம் எழுதணும். அந்தப் போருக்குச் செலவான காசு திரும்பி வராது, ஆனால் அது சொன்ன பாடம் அடுத்த வீட்டுக் காசைக் காப்பாற்றும்.

அந்த நோட்டை நான் ஆரம்பித்துவிட்டேன். அறிவியல் டீச்சர் மேசையில் இருக்கு, நீல அட்டை போட்டது. இதுவரை 17 போர் எழுதியிருக்கிறேன். உங்க வீட்டுப் போர் விவரத்தை அப்பாவிடமோ தாத்தாவிடமோ கேட்டு வந்து எழுதுங்க. நூறு போர் சேர்ந்ததும் ஊர் வரைபடத்தில் புள்ளி வைத்து, இந்தப் பலகையிலேயே ஒட்டப் போகிறோம்.

【விடை சொல்லுங்க பார்ப்போம்!
அ. நல்ல பாறையிலும் வெடித்த பாறையிலும் அதிர்வின் வேகம் எதில் அதிகம்?
ஆ. இடைவெளி 20 மீட்டர், 0.1 ஆம்பியர், 0.05 வோல்ட். மின்தடை எண் எவ்வளவு?
இ. செயற்கைக்கோள் படத்தில் பச்சை மரம் ஏன் சிவப்பாகத் தெரிகிறது?
விடையைத் தாளில் எழுதி, பலகைக்குக் கீழே உள்ள அட்டைப் பெட்டியில் போடுங்க.】



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி